கோவைச் சிறையில் நிறைவுற்ற ஓர் ஆலிமின் வாழ்வு
ஷஹீத் ஆலி முஸ்லியார் (ரஹ்) அவர்களின் வரலாறு

 

வரவு செலவுக் கணக்கை ஜமாஅத்தாரின் முன் வைக்கும் இம்மலரில், நம் நாட்டின் விடுதலைக்காகத் துன்புற்ற மார்க்க அறிஞர் ஒருவரின் வரலாற்றையும் இடம்பெறச் செய்வது நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் எனக் கருதினோம். அவ்வகையில் மலபாரின் திரூரங்காடியில் பள்ளிவாசல் ஆசிரியராக இருந்து, 1922ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆலி முஸ்லியார் (ரஹ்) அவர்களின் வாழ்வை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அவர் பெயரைக் கேட்டவுடன் வேற்று மாநிலத்தவர் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அக்காலத்தில் மலபார், சென்னை மாகாணத்தின் மாவட்டங்களுள் ஒன்றாகவே இருந்தது. நமது பரளச்சி அடங்கிய இராமநாதபுரம் மாவட்டமும் அதே மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரே ஆளுநரின் ஆணை இரு மண்ணிலும் செல்லுபடியானது. இன்று நம் ஊர்ப் பக்கத்து இளைஞர்கள் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் சென்றுவரும் கோவையில்தான் அவருடைய இறுதி மூச்சும் அடங்கியது.

பிறப்பும் கல்வியும்

ஆலி முஸ்லியார் அவர்கள் 1861ஆம் ஆண்டு மலபார் மாவட்டம் ஏறநாடு தாலுகாவில் மஞ்சேரிக்கு அருகிலுள்ள நெல்லிக்குத்து என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். தந்தையார் குஞ்ஞிமொய்தீன் மொல்லா, தாயார் ஆமினா. இளமையில் திருக்குர்ஆனையும் தஜ்வீதையும் மலையாள மொழியையும் ஊரிலேயே கற்றபின், மேற்கல்விக்காகப் பொன்னானிக்கு அனுப்பப்பட்டார்கள்.

சின்ன மக்கா எனப் போற்றப்பட்ட பொன்னானியின் தர்ஸ், மக்தூம் குடும்பத்து உலமாக்களால் வளர்க்கப்பட்டது. அக்குடும்பத்தின் முன்னோர் நம் தமிழகத்துக் கீழைக் கடற்கரையிலிருந்து கொச்சிக்கும், அங்கிருந்து பொன்னானிக்கும் சென்றவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. போர்த்துக்கீசியரின் கொடுமைகளை விவரிக்கும் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற அரபு நூலை 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஸைனுத்தீன் மக்தூம் அவர்களும் இக்குடும்பத்தவரே. இத்தகைய கல்விச்சாலையில் பத்தாண்டுகள் ஓதிய ஆலி முஸ்லியார் அவர்கள், பின்னர் புனித மக்கா சென்று ஏழாண்டுகள் தங்கி, அங்கிருந்த பேரறிஞர்களிடம் பாடம் கேட்டார்கள். திரும்பிய பின் இலட்சத்தீவுகளில் ஒன்றான கவரத்தியில் தலைமைக் காஜியாகப் பணியாற்றினார்கள்.

தீவில் அமைதியாகச் சென்றுகொண்டிருந்த வாழ்வை 1894ஆம் ஆண்டு வந்த துயரச் செய்தி கலைத்தது. மலபாரில் நடந்த கிளர்ச்சியொன்றில் அவருடைய சகோதரர் கொல்லப்பட்டிருந்தார். ஊர் திரும்பியபோது உறவினர் வேறு சிலரும் மாண்டதையும், தாம் அரிதிற் சேர்த்துவைத்த நூல்களிற் பெரும்பகுதி அழிந்துபோனதையும் கண்டார்கள். அதன்பின்னும் அவர் தேர்ந்துகொண்டது கற்பிக்கும் பணியையே. 1907ஆம் ஆண்டு திரூரங்காடிப் பள்ளிவாசலின் தலைமை முஸ்லியாராகப் பொறுப்பேற்று, பதினான்கு ஆண்டுகள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தார்கள்.

மலபாரின் நிலை

மலபாரின் உள்நாட்டுத் தாலுகாக்களில் நிலமெல்லாம் ஜன்மிகள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் உடைமையாக இருந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் மாப்பிள்ளைமார் என வழங்கப்படும் முஸ்லிம்கள். குத்தகை உயர்வு, மறுபதிவுக் கட்டணம், நினைத்தபோது வெளியேற்றம் ஆகியவற்றுக்கு எதிராக அவர்களுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. நீதிமன்றமும் காவல்துறையும் நிலக்கிழாரின் பக்கமே நின்றன. 1836 முதல் பல கிளர்ச்சிகள் மூண்டு அடக்கப்பட்டன. மாப்பிள்ளைமாரை ஒடுக்குவதற்கென்றே 1854ஆம் ஆண்டு தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

ஆங்கில அரசின் இந்த முகம் நம் பகுதிக்கும் தெரியாததன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது, உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு 16 பேர் மாண்டனர். அதற்கு ஓராண்டு முன்னர், 1919 ஏப்ரல் 13 அன்று, ஜாலியன் வாலாபாகின் கொடுமை நிகழ்ந்தது. மதமும் சாதியும் பாராமல் மக்கள்மீது குண்டுகள் பாய்ந்த காலம் அது.

கிலாஃபத் அழைப்பு

முதல் உலகப்போரில் துருக்கி தோல்வியுற்றது. முஸ்லிம்களின் புனிதத் தலங்களும் கலீஃபாவின் மதிப்பும் காக்கப்படும் என்று போர்க்காலத்தில் நம்பிக்கையூட்டிய ஆங்கிலேயர், 1920 ஆகஸ்டு 10ஆம் நாள் கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கையின் வாயிலாகத் துருக்கியப் பேரரசைத் துண்டாடினர். இந்திய முஸ்லிம்களின் உள்ளம் புண்பட்டது. மௌலானா முஹம்மது அலி, மௌலானா ஷௌகத் அலி சகோதரர்கள் தலைமையில் கிலாஃபத் இயக்கம் எழுந்தது. காந்தியடிகள் அதனை ஒத்துழையாமை இயக்கத்தோடு இணைத்தார். 1920 ஆகஸ்டு 18 அன்று காந்தியடிகளும் ஷௌகத் அலியும் கோழிக்கோட்டுக்கு வந்து ஒரே மேடையில் பேசினர்.

மலபாரின் ஊர்தோறும் கிலாஃபத் குழுக்கள் அமைந்தன. குத்தகைதாரர் சங்கமும் காங்கிரசும் கிலாஃபத்தும் அங்கே பின்னிப் பிணைந்திருந்தன. 1921 பிப்ரவரியில் சென்னையிலிருந்து கோழிக்கோடு சென்ற யாகூப் ஹசன் சேட் அவர்களும், கே. மாதவன் நாயர், யு. கோபால மேனன், பி. மொய்தீன் கோயா ஆகியோரும் கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். இரு சமயத்தாரும் ஒரே வழக்கில் சிறை சென்ற அந்நிகழ்ச்சி மலபாரில் பெரும் எழுச்சியை உண்டாக்கியது.

திரூரங்காடியில் கிலாஃபத் பணிக்கு மக்கள் நாடிய பெரியவர் ஆலி முஸ்லியார் அவர்களே. அறுபது வயதை எட்டிய ஆசிரியர் அவர். மக்கள் அவரைப் பின்பற்றியதற்குக் காரணம், அவரிடம் ஓதியவர்களும் ஓதியவர்களின் பிள்ளைகளும் அவ்வட்டாரமெங்கும் நிறைந்திருந்ததே. கிளர்ச்சியின் மற்றொரு பெருந்தலைவராகப் பின்னர் விளங்கிய வாரியன்குன்னத்து குஞ்ஞஹம்மது ஹாஜி அவர்களும் நெல்லிக்குத்து ஊரோடு தொடர்புடையவரே.

1921 ஆகஸ்டு 20

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. மலபார் மாவட்ட ஆட்சியர் தாமஸ், கிலாஃபத் தலைவர்களைக் கைது செய்யத் தீர்மானித்தார். ஆகஸ்டு 19ஆம் நாள் இரவு கோழிக்கோட்டிலிருந்து லீன்ஸ்டர் படைப்பிரிவின் வீரர்களும் காவலர்களும் புகைவண்டியில் பரப்பனங்காடி வந்திறங்கி, அங்கிருந்து திரூரங்காடிக்கு நடந்து சென்றனர். விடியற்காலையில் கிழக்கே பள்ளி சோதனையிடப்பட்டது. வீடுகளும் சோதனைக்குள்ளாயின. மூவர் பிடிபட்டனர். ஆலி முஸ்லியார் அவர்கள் அகப்படவில்லை.

பள்ளிவாசலுக்குள் படை புகுந்த செய்தி சுற்றூர்களுக்குப் பரவியது. பரவும்போதே அது உருமாறியது. திரூரங்காடிக்கு எதிரே கடலுண்டி ஆற்றின் மறுகரையில் மம்புறம் ஸய்யித் அலவி தங்ஙள் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. மலபார் முஸ்லிம்கள் உயிரினும் மேலாக மதிக்கும் இடம் அது. அந்த மம்புறம் பள்ளி தகர்க்கப்பட்டுவிட்டது என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. உண்மையில் மம்புறத்தில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. தானூர் முதலிய ஊர்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். படையினர் சுட்டனர். பலர் மாண்டனர். மோதலில் இராணுவ அதிகாரி ஜான்ஸ்டனும் காவல்துறை அதிகாரி ரௌலியும் கொல்லப்பட்டனர். ஆட்சியர் தம் படையுடன் கோழிக்கோட்டுக்குப் பின்வாங்கினார். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் ஆங்கில ஆட்சி ஒரே நாளில் மறைந்துபோயிற்று.

ஒரு பொய்ச் செய்தி எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை நாம் இங்கே நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். வந்த செய்தியைத் தீர விசாரித்தறியாமல் செயலில் இறங்கலாகாது என்பது திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குத் தரும் கட்டளை. அக்கட்டளையைப் பேணாத ஒரு பகற்பொழுதின் விலையை மலபார் பல தலைமுறைகளுக்குச் செலுத்தியது.

பத்து நாள் பொறுப்பு

அரசு நீங்கிய ஊரில் மக்களுக்கு எஞ்சியிருந்தது பள்ளிவாசலும் அதன் ஆசிரியருமே. ஆகஸ்டு 22ஆம் நாள் ஆலி முஸ்லியார் அவர்கள் கிலாஃபத் தலைவராக ஏற்கப்பட்டார்கள். பின்னாளில் ஆங்கில அரசு அவரை முடிசூடிக்கொண்ட மன்னராகச் சித்தரித்தது. சந்தையிலும் ஓடத்துறையிலும் கிலாஃபத்தின் பெயரால் வரி தண்டப்பட்டது என்பதும் அவர்மீதான குற்றச்சாட்டுகளுள் அடங்கும். ஆள்வோரற்ற ஊரில் சந்தை நடக்கவும், வழக்குத் தீர்க்கவும், கொள்ளையைத் தடுக்கவும் ஒருவர் முன்வர வேண்டியிருந்தது. அப்பொறுப்பு ஓதிக்கொடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு முதியவரின் தோளில் வந்து விழுந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அந்நாள்களில் கே.பி. கேசவ மேனன் உள்ளிட்ட காங்கிரஸ் தலைவர்கள் உயிருக்கு அஞ்சாமல் திரூரங்காடிக்குச் சென்று முஸ்லியார் அவர்களைச் சந்தித்து அமைதிக்கு வழி தேடினர். ஆனால் நிகழ்ச்சிகள் எவருடைய கைக்கும் அடங்காமல் விரைந்தன. ஆகஸ்டு 26ஆம் நாள் பூக்கோட்டூரில் படையை எதிர்த்து நின்ற மாப்பிள்ளைமார் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நானூறு பேரளவில் இரையாயினர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

ஆகஸ்டு 30 அன்று திரூரங்காடிப் பள்ளிவாசல் படையினரால் முற்றுகையிடப்பட்டது. மறுநாள் காலை உள்ளிருந்தோரில் ஒரு பகுதியினர் வெளிப்பட்டுப் போரிட்டு மடிந்தனர். எஞ்சியோருடன் ஆலி முஸ்லியார் அவர்கள் சரணடைந்தார்கள். இறையில்லம் பீரங்கிக்கு இரையாகலாகாது என்ற எண்ணமே அவரைச் சரணடையச் செய்தது என வரலாறு எழுதியோர் பலர் கூறுகின்றனர். பத்து நாள்களில் முடிந்த அவருடைய தலைமையின் கடைசிச் செயல், தம்மையே ஒப்புக்கொடுத்ததாக அமைந்தது.

போரும் அதன் கறைகளும்

முஸ்லியார் அவர்கள் சிறைப்பட்ட பின்னும் போர் ஓயவில்லை. லீன்ஸ்டர், டார்செட் படைகளோடு கூர்க்கா, கார்வாலி, பர்மாவின் சின், கச்சின் படைகளும் இறக்கப்பட்டன. மலபார் தனிக் காவற்படை என்னும் புதிய படையும் உருவாயிற்று. லீன்ஸ்டர் என்பது அயர்லாந்து மக்களைக் கொண்ட படைப்பிரிவு. அவர்களுடைய தாய்நாடும் அப்போது ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை வேண்டிப் போராடிக்கொண்டிருந்தது. 1922இல் அப்படைப்பிரிவே கலைக்கப்பட்டது. ஓர் அடிமை நாட்டாரைக் கொண்டே மற்றோர் அடிமை நாட்டாரை அடக்குவது பேரரசுகளின் வழக்கம். அதே ஆண்டுகளில் மொராக்கோவின் ரீஃப் மலைகளில் அப்துல் கரீம் கத்தாபி அவர்கள் ஸ்பானியரோடும், லிபியாவில் உமர் முக்தார் (ரஹ்) அவர்கள் இத்தாலியரோடும் பொருதனர். திருக்குர்ஆன் ஆசிரியராகவே வாழ்ந்த உமர் முக்தார் அவர்களும் முதிய வயதில் 1931 செப்டம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்கள்.

மலபார் வரலாற்றை எழுதும்போது ஒரு கசப்பான உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. கிளர்ச்சியின் போக்கில் இந்துக் குடும்பங்கள் பல தாக்கப்பட்டன. கொலைகளும் கொள்ளைகளும் கட்டாய மதமாற்றங்களும் நிகழ்ந்தன. பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். அரசுக்குத் துணைநின்ற மாப்பிள்ளை அதிகாரிகளும் கொல்லப்பட்டனர். மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்பது நம் வேதத்தின் போதனை. அதற்கு மாறாக நடந்தோர் எவராயினும் அவர்களுக்காக நாம் வாதிட மாட்டோம். அதே வேளையில், அங்கப்பாடியின்...